பிள்ளைக்கு வைக்க வாள் பெயர்களில் எது நல்லது?

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் வேலுக்குப் பஞ்சமே இல்லை. ரத்தினகிரி, வள்ளிமலை முருகன் கோயில்கள் அருகிலேயே இருக்க, சக்திவேல், வேல்முருகன், வெறும் வேலு என்று தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வாளுக்குத்தான் ஆளில்லை. தேடினால் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போக வேண்டும். அரபியில் வாளுக்குச் சொற்கள் ஏராளம், அவற்றில் பல ஆட்பெயர்களும் ஆகிவிட்டன.

சைஃப் என்றாலே வாள். சைஃபுத்தீன் மார்க்கத்தின் வாள். சைஃபுல்லா 'அல்லாஹ்வின் வாள்', படைத்தளபதி காலித் இப்னு வலீதுக்கு நபிகள் தந்த பட்டம். கூப்பிட இதுதான் சுலபம், வீட்டில் 'சைஃபு' என்று தானாகவே சுருங்கிவிடும். ஆய்த எழுத்தை விட்டுவிட்டு ரேஷன் கார்டில் 'சைபு' ஆக்கிவிடுவார்கள், அது ஒன்றுதான் தொல்லை.

ஜுல்ஃபிகார் என்பது நபிகளின் மருமகன் அலீயின் வாள். நம் பக்கத்துச் சரித்திரத்திலும் இந்தப் பெயருக்கு இடம் உண்டு: 1698இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான். பிறகு ஆற்காட்டில் இருந்து ஆண்ட கர்நாடக நவாபுகளின் பட்டியல் இவரில்தான் தொடங்குகிறது. கம்பீரமான பெயர்தான். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இதை எழுதப் பழகுவதற்குள் பென்சில் தேய்ந்துவிடும்.

எனக்கு அதிகம் பிடித்தது முஹன்னத். இந்திய இரும்பில் அடித்த வாள் என்று பொருள். தென்னிந்திய உருக்குக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மதிப்பு. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் உருக்கு செய்ததற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. நம் சரக்கு கடல் தாண்டிப் போய்ப் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது! சிக்கல் என்னவென்றால், எழுதுபவர் பிழை என்று நினைத்து 'முஹம்மத்' என்று திருத்திவிடுவார். சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பெயரைப் பாருங்கள்.

சரி, இந்து வீடுகளுக்கு? சந்திரகாசன் காதுக்கு இனிமை, மூத்த தலைமுறையில் கேட்ட பெயரும்கூட. ஆனால் சந்திரகாசம் சிவன் இராவணனுக்குக் கொடுத்த வாள். கம்பராமாயணத்தில் சடாயு விழுந்தது அந்த வாளால்தான். பிள்ளைக்கு வைக்க எனக்கு மனம் வராது.

நந்தகன் அப்படி இல்லை. நந்தகம் திருமாலின் வாள், பேயாழ்வார் அதன் அம்சம் என்பார்கள். அவர் பாடிய கடிகை என்ற தலம்தான் நம் சோளிங்கர். ஊரோடு ஒட்டும் பெயர், 'நந்து' என்று கூப்பிடலாம், எழுத்துக் குழப்பமும் இல்லை. இந்து வீட்டுப் பெயர்களில் என் ஓட்டு இதற்கே.

தமிழிலேயே வேண்டும் என்றால் வாட்போக்கி இருக்கிறது. குளித்தலைக்கு அருகே அய்யர்மலை ஈசனின் பெயர். அந்த மலைக்கும் ரத்தினகிரி என்று பெயர் உண்டு; நம் முருகன் மலை வேறு. ஆனால் பள்ளிக்கூடத்தில் 'போக்கிரி' ஆகாமல் தப்புமா? வாளரசன் என்று புதிதாகக் கட்டலாம், அதில் மேடைப்பேச்சு வாடைதான் தூக்கலாக இருக்கிறது.

பெண் குழந்தைக்கு இந்த வரிசையில் ஒன்றும் சரியாக அமையவில்லை. வாணுதல் (வாள் + நுதல், அதாவது நெற்றி) அழகான சொல், ஆனால் அங்கே வாள் என்பது ஒளி. அப்புறம் வீட்டில் எல்லாரும் வாணி என்றுதான் கூப்பிடுவார்கள்.