இரண்டு மீற்றர், ஒரு பிஸ்கட் ரின்

எங்கள் வளவுக்குள் இரண்டு மீற்றர் இருக்கு. ஒன்று எங்கள் வீட்டுக்கு, மற்றது பின்வளவில் தனிய இருக்கும் அம்மாவின் சின்ன வீட்டுக்கு. அம்மா கரண்ட் பில் ஒன்றையும் எறிய மாட்டா. பழைய பிஸ்கட் ரின்னுக்குள் மாத ஒழுங்கில் அடுக்கி வைத்திருக்கிறா. இலங்கை வங்குரோத்தான பிறகு மின்சாரத்தில் என்னென்ன மாறியது என்று பத்திரிகையில் படித்ததை விட, அந்த ரின்னைக் கிண்டி நான் அறிந்தது கூட.

2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. டீசல் வாங்க டொலர் இல்லை. இரண்டு கிழமை கழிய, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அம்மா பெரிதாக அசையவில்லை. தொண்ணூறுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விளக்கெரித்த யாழ்ப்பாணத்து ஆள். "அப்ப கரண்ட் இல்லையெண்டு தெரியும். இப்ப எப்ப வருமெண்டு பாத்துக் கொண்டெல்லோ இருக்க வேண்டிக் கிடக்கு" என்றா. இந்த முறையும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு.

மின்வெட்டு முழுதாக ஓய முன்னமே கட்டணம் எழும்பியது. ஒன்பது வருடமாகக் கூட்டாமல் வைத்திருந்ததை 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். உற்பத்திச் செலவைக் கட்டணத்தாலேயே எடுக்க வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை. அடுத்த மாதமே அவர்களின் கடன் ஒப்புதலானது.

அம்மாவுக்கு ஒரு மின்விசிறி, இரண்டு பல்ப், ஒரு ரேடியோ. மாதம் 28 யூனிற் அளவில் போகும். வரியை விட்டுப் பார்த்தால், முதலில் அதற்கு 100 ரூபா. 2022 ஓகஸ்டுக்குப் பிறகு 344. 2023 பெப்ரவரிக்குப் பிறகு 1,240. அதே விசிறி, அதே பல்ப். அந்தப் பில்லை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இரண்டாந்தரம் பார்த்தது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. யூலையில் சராசரியாக 14.2 வீதம்தான் குறைத்தார்கள். ஆனால் 30 யூனிற்றுக்குள் நிற்பவர்களுக்கு யூனிற் 30 ரூபாவிலிருந்து 10 ரூபாவுக்கு இறங்கியது. மாதாமாதம் கட்டும் நிலையான கட்டணத்தையும் சேர்த்து அம்மாவின் பில் 430 ஆனது. ஐந்து மாதத்தில் திருத்த முடிந்த கணக்கை, முதலிலேயே சரியாகப் போட்டிருக்க ஏலாதா? இந்தச் சீர்திருத்தத்தில் எனக்கு உள்ள பெரிய கோபம் இதுதான். விலையைக் கூட்டியது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நூறு ரூபாவுக்கு மாதம் முழுக்க கரண்ட் என்பது யாரோ ஒருவரின் கடனில் எரிந்த வெளிச்சம்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. நாங்கள் 60 யூனிற் எல்லையில் நிற்கிற ஆட்கள். 2023 பெப்ரவரிக் கட்டணப்படி 60 யூனிற்றுக்கு 2,560 ரூபா. 61 ஆனால் முழு யூனிற்றும் 42 ரூபாவுக்கு ஏறும், நிலையான கட்டணமும் 650 ஆகும், மொத்தம் 3,212. அந்த ஒரு யூனிற்றின் விலை 652 ரூபா! அன்றிலிருந்து மாதக் கடைசியில் ரோர்ச்சோடு போய் மீற்றர் பார்ப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. அயன் பண்ணுவது கிழமைக்கு ஒருநாள். அந்த நாட்களில் அம்மா பின்வளவிலிருந்து கூப்பிட்டுக் கேட்பா: "பிள்ளை, அறுபது தாண்டீட்டுதோ?" சிக்கனம் பழகினோம், உண்மை. ஆனால் ஒரு யூனிற்றுக்குப் பயந்து இரவு விசிறியை நிறுத்திப் போட்டுப் படுப்பதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு விலை இறங்கத் தொடங்கியது. 2024 மார்ச்சில் 21.9 வீதம், யூலையில் 22.5. 2025 ஜனவரியில் கட்டணத்தை அப்படியே வைத்திருக்கத்தான் மின்சார சபை கேட்டது. கட்டணத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 20 வீதம் குறைக்கச் சொன்னது. அம்மாவுக்கு 187 ரூபா. யூனில் திரும்ப 15 வீதம் ஏறியது. இந்த ஏற்ற இறக்கம் அலுப்புத்தான். என்றாலும் சபை ஒன்று கேட்க, ஆணைக்குழு வேறொன்று சொல்ல, அதை நாங்கள் வெளியில் நின்று பார்க்க முடிகிறது. 2023இல் கட்டண உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவரை பாராளுமன்றம் வாக்கெடுத்து நீக்கியதை நினைத்தால், இதுவும் ஒரு மாற்றம்தான்.

சபையைப் பிரிக்கிற கதை என் அனுபவத்துக்குள் இன்னும் வரவில்லை. 2024இல் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் திருத்தமும் வந்தது. உற்பத்தி, கடத்தல், விநியோகம் எல்லாம் வேறுவேறு கம்பனிகளாம். எங்கள் தெருவில் அதே தூண், அதே வயர்.

இதற்கு நடுவில் குரங்குச் சங்கதி ஒன்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று நாடு முழுக்க இருட்டு. எல்லோரும் குரங்கை வைத்துப் பகிடி விட்டோம். விசயம் அதுவல்ல. ஞாயிறு பகல் பாவனை குறைவு, கூரைச் சோலர் அதிகம், மின் வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய மின்நிலைய இயந்திரங்கள் ஓடியது குறைவு. அதனால்தான் அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார்கள். கடன்பட்டுச் சோலர் போட்ட பக்கத்து வீட்டு அண்ணை கூரையைப் பார்த்து நின்ற நிலை சொல்லி மாளாது.

போன கிழமை அம்மாவுக்குப் புதுப் பில் வந்தது. 29 யூனிற். "ஒண்டு கூடிப்போச்சு" என்று சொல்லி, மடித்து ரின்னுக்குள் வைத்தா.