மார்கழிக் கச்சேரி: மதியம் போவதா, மாலைக்கு டிக்கெட் வாங்குவதா?

டிசம்பர் 15-ஐ ஒட்டி கர்நாடகக் கச்சேரிகள் நடக்கும் சென்னை சபாக்கள் களைகட்டத் தொடங்கியதும் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி இது. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன, கிருஷ்ண கான சபா தி.நகரில். பக்கத்திலிருக்கும் சபாவுக்கு எந்த நேரம் போவது என்பதுதான் பிரச்சினை. என் ஓட்டு மதியத்துக்கு.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மதியம் பாடுபவர்கள் பெரும்பாலும் வளர்ந்து வருகிறவர்கள், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், பெரும்பாலான சபாக்களில் இலவசம். மாலையில் முன்னணி வித்வான்கள், இரண்டரை மணி நேரம், டிக்கெட். பெரிய பெயர் என்றால் நல்ல வரிசைகள் சீசன் டிக்கெட்காரர்களுக்கே போய்விடும். அன்றைக்கு வரிசையில் நின்று வாங்குகிறவருக்குக் கடைசி வரிசையோ பால்கனியோதான்.

என் கணக்கில் உட்காரும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மதியம் 12 மணிக் கச்சேரிக்கு 11.45-க்குப் போனாலே நாலாவது வரிசை நடுவில் இடம் கிடைக்கும். அங்கிருந்து பாடகரின் கை தெரியும். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் ஒரு தட்டு, ஒரு வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு: மொத்தம் எட்டு. அந்தக் கையைப் பார்த்தபடி கேட்டால் பாட்டின் முதல் வரியான பல்லவி எந்த இடத்தில் எடுக்கிறது, மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரம் எங்கே வந்து விழுகிறது என்று தானாகப் பிடிபடும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அந்தக் கை ஒரு அசைவு மட்டுமே. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் பலர் காபிக்கு எழுந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தாளம் கண்ணில் படாதவருக்குத் தனி வெறும் சத்தமாகிவிடுகிறது. கிட்டே உட்கார்ந்தால் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, அளவைப் படிப்படியாகச் சுருக்கும் குறைப்பில் நெருங்கி வருவது தெரியும். தனி முடியப் போகிறது என்று காட்டும் மோரா வந்ததும் நிமிர்ந்து உட்காரலாம். அடுத்து வரும் முடிவுக் கோப்பான கோர்வையை வழக்கமாக மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாவது முடிகிற இடத்தில் பாடகர் பாட்டை மறுபடி எடுப்பார்.

இன்னொன்றும் கிட்டே இருந்தால்தான் தெரியும். வெளியே மழைக்கால ஈரக் காற்று, உள்ளே வறண்ட ஏசி. ஏசியில் தோல் இறுகி மிருதங்கத்தின் சுருதி ஏறும். வித்வான் கல்லையும் சின்ன மரத்துண்டையும் எடுத்து விளிம்பில் தட்டித் தட்டி அதை இறக்குவார். தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்தால் ஈரம் தொட்டு வைப்பார். கணீரென்று ஒலிக்கும் மறுபக்கமான வலந்தலை ரசிகர் பக்கமே பார்க்க வேண்டும் என்பதால், இடது கைக்காரர் வாசித்தால் மேடையில் அவரும் வயலின்காரரும் பக்கம் மாறி உட்கார வேண்டிவரும். அந்தக் கால மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். அவர் காலத்தில் இதுவே பெரிய பிரச்சினையாக இருந்தது.

கிட்டே என்பதற்காக முதல் வரிசைக்குப் போக வேண்டாம். மேடை உயரமாக இருப்பதால் கழுத்து வலிக்கும், பாடகர் கேட்பதற்காக மேடையில் வைத்த ஒலிபெருக்கியின் (மானிட்டர்) சத்தம் கலந்து வரும். பக்கவாட்டு ஒலிபெருக்கிக்கு நேர் எதிரேயும் உட்காராதீர்கள். மதியத்தில் ஒரு குறை உண்டு: காலி நாற்காலிகளால் அரங்கில் எதிரொலி கூடும். ஆட்கள் நிறைந்தால் அவர்களே சத்தத்தை உள்வாங்குவார்கள். நிறைந்த அரங்குக்கு வைத்த அளவிலேயே மைக்கை விட்டுவிட்டால் வயலின் கீச்சென்று காதில் குத்தும். மூன்றாவது வரிசைக்கும் ஆறாவது வரிசைக்கும் நடுவில் இருந்தால் இது குறையும்.

மதியத்தில் நிஜமாகவே இழப்பது விரிவை. தொண்ணூறு நிமிடத்தில் தொடக்கத்துக்கு ஒரு வர்ணம், இரண்டு மூன்று சின்ன கீர்த்தனைகள், முக்கால் மணி நேரத்துக்குள் பிரதான உருப்படி, கடைசியில் ஒன்றிரண்டு துக்கடா (சின்ன, இலகுவான பாட்டு), அவ்வளவுதான். இளைய பாடகர்கள் சிலர் ஏழெட்டு உருப்படிகளைத் திணிக்கப் பார்ப்பார்கள். அப்போது சாகித்யம் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை சுருங்கும், தனிக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். ராகத்தை விரித்து, தானம் பாடி, ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் ராகம் தானம் பல்லவியை நிதானமாகக் கேட்க வேண்டுமானால் மாலைதான். அதற்காக சீசனுக்கு இரண்டே இரண்டு மாலை டிக்கெட் வாங்கினால் போதும் என்பேன். பெயருக்காக வாங்காமல், விரிவாகப் பல்லவி பாடுகிறவராகப் பார்த்து வாங்குங்கள். பால்கனிதான் கிடைக்கிறது என்றால் முன் விளிம்பு நல்லது. கீழ்த்தளத்தில் பால்கனிக்கு அடியில் வரும் வரிசைகளில் சத்தம் மங்கிப்போகும்.

இணையத்தில் வீட்டிலிருந்தே பார்ப்பது, கொரோனா காலத்து 2020 டிசம்பருக்குப் பிறகு பழகிவிட்டது. முழங்கால் வலிக்காரர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அது வரம். ஆனால் தாளம் போடும் கையைக் காட்டுவதா, முகத்தைக் காட்டுவதா என்று முடிவு செய்வது கேமராக்காரர். தனியின்போது பெரும்பாலும் மிருதங்கத்தைத்தான் காட்டுவார். தாளத்தைக் கோட்டை விடுவோம்.

நடனத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முன் வரிசையில் உட்கார்ந்தால் மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும். எட்டாவது, பத்தாவது வரிசை தேவலை. நான் அதிகம் கேட்டது பாட்டுதான் என்பதால் நடனத்தைப் பற்றி இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மதியம் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் யோசித்து வையுங்கள். கேன்டீனில் 12.30-க்குத்தான் இலைக்கு நெருக்கடி. 11.15-க்கே உட்கார்ந்துவிட்டால் சாம்பார், ரசம், மோர் முடித்து, கை கழுவி, அந்த நாலாவது வரிசைக்குப் போய்ச் சேர நேரம் சரியாக இருக்கும். மெல்லிய சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதி காலியான அரங்கில் ஏசி கடுமையாகக் குளிரும்.