ஹெடர், ஃபூட்டர் சிக்கல்: வேர்டா, ரைட்டரா, கூகுள் டாக்ஸா?

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோ தீசிஸோ எழுதி முடித்தவர்களைக் கடைசி நேரத்தில் படுத்தி எடுப்பது பக்க எண்தான். முகப்பில் எண் வரக்கூடாது, நன்றியுரையும் பொருளடக்கமும் சிறிய ரோமன் எண்ணில் போக வேண்டும், முதல் இயலில் இருந்து 1, 2, 3 என்று தொடங்க வேண்டும், மேலே அந்தந்த இயலின் பெயர் வர வேண்டும். கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். உட்கார்ந்து செய்தால் ஓரிடத்தில் எண்ணை அழித்ததும் மொத்த ஃபைலிலும் எண் காணாமல் போகும், இரண்டாம் இயலின் தலைப்பை மாற்றினால் முதல் இயலின் தலைப்பும் சேர்ந்து மாறும்.

காரணம் எளிமையானது. ஹெடர் பக்கத்தின் மேலே தெரிகிறதே தவிர, அது அந்தப் பக்கத்துக்குச் சொந்தமானது இல்லை. வேர்டில் அது செக்ஷனுக்கு, அதாவது ஃபைலை நாம் பிரித்து வைக்கும் பகுதிக்குச் சொந்தம், லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளின் ரைட்டரில் பேஜ் ஸ்டைலுக்கு, அதாவது பெயர் வைத்துச் சேமித்த பக்க அமைப்புக்குச் சொந்தம். கூகுள் டாக்ஸும் செக்ஷன் வழியில்தான் போகிறது, ஆனால் வசதிகள் குறைவு. எது யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துவிட்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வேர்டில் இருந்து தொடங்கலாம், பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். நன்றியுரைக்கு முன்னால் ஒன்று, முதல் இயலுக்கு முன்னால் ஒன்று என்று லேஅவுட் மெனுவில் பிரேக்ஸ் போய் 'நெக்ஸ்ட் பேஜ்' வகை செக்ஷன் பிரேக் போட வேண்டும். கன்ட்ரோல் என்டர் அடித்தால் வருவது வெறும் பேஜ் பிரேக், அது இதற்கு உதவாது. எந்த இடத்தில் எந்த செக்ஷன் ஓடுகிறது என்று பார்க்க கீழே ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து 'செக்ஷன்' என்பதை டிக் செய்து வையுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

அடுத்து வருவது வரிசை. பிரேக் போட்டதும் புது செக்ஷனின் ஹெடர் முந்தையதோடு இணைந்தேதான் இருக்கும், ஓரத்தில் 'சேம் அஸ் ப்ரீவியஸ்' என்று எழுதியும் காட்டும். அதனால் முதல் இயலின் முதல் பக்கத்துக்குப் போய், ஹெடரில் டபுள் கிளிக் செய்து, 'லிங்க் டு ப்ரீவியஸ்' பட்டனை முதலில் அணைக்க வேண்டும். அப்புறம் ஃபூட்டருக்கு இறங்கி அங்கேயும் தனியாக அணைக்க வேண்டும், ஏனென்றால் ஹெடரில் அணைத்தால் ஃபூட்டரில் அணையாது. அதற்குப் பிறகுதான் அழிப்பது, மாற்றுவது, 'ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்' போய் 1 என்று தொடங்கச் சொல்வது எல்லாம். அழித்துவிட்டு அப்புறம் இணைப்பைத் துண்டிப்பவர்களுக்குத்தான் முன்பக்க எண்களும் சேர்ந்து போகின்றன.

இதிலும் ஒரு வேர்டு குணம் உண்டு. 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' ஒவ்வொரு செக்ஷனுக்கும் தனித்தனி, ஆனால் 'டிஃபரன்ட் ஆட் அண்ட் ஈவன்' ஃபைல் முழுக்கப் பொது. இரண்டையும் போட்டுவிட்டால் ஒரு செக்ஷனில் முதல் பக்கம், ஒற்றை, இரட்டை என்று மூன்று ஹெடர், மூன்று ஃபூட்டர், ஆக 6 இணைப்புகளைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் அச்சடித்து பைண்டிங் செய்யப் போவதில்லை என்றால் ஒற்றை-இரட்டை பக்கமே போகாதீர்கள்.

இயல் பெயருக்காக இயலுக்கு ஒரு செக்ஷன் போடுவது தேவையே இல்லாத உழைப்பு. இயல் தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுத்துவிட்டு, ஹெடரில் இன்சர்ட், குயிக் பார்ட்ஸ், ஃபீல்டு போய் 'ஸ்டைல்ரெஃப்' எடுத்து 'ஹெடிங் 1' என்று காட்டினால் போதும், பெயர் தானாக மாறிக்கொண்டே வரும். வேர்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ரைட்டரில் யோசனையே வேறு. எஃப்11 அழுத்தினால் ஸ்டைல்கள் வரும், அதில் பேஜ் ஸ்டைல்கள் பகுதியில் 'முன்பகுதி', 'உடல்' என்று இரண்டு ஸ்டைல் உருவாக்கி, ரோமன் எண்ணா சாதாரண எண்ணா என்பதை அந்த ஸ்டைலிலேயே சொல்லிவிடலாம். முதல் இயலுக்கு முன்னால் இன்சர்ட் மெனுவில் இருந்து மேனுவல் பிரேக் போடும்போது 'உடல்' ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, பக்க எண் 1 என்று குறித்தால் வேலை முடிந்தது. லிங்க் டு ப்ரீவியஸ் என்ற பேச்சே இங்கே இல்லை, ஒரு ஸ்டைலின் ஹெடரைத் தொட்டால் இன்னொன்று அசையாது. நீளமான ஆவணத்துக்கு இதுதான் சரியான அமைப்பு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஒன்று. எண்ணை மாற்ற வேண்டும் என்று பக்க எண் ஃபீல்டை டபுள் கிளிக் செய்து 'ஆஃப்செட்' பெட்டியில் கணக்குப் போடாதீர்கள். கூட்டல் எண் கொடுத்தால் கடைசிப் பக்கங்களில் எண் வெறுமையாகிவிடும், ஏனென்றால் அது இல்லாத பக்கத்தைத் தேடுகிறது. அதேபோல முன்பகுதி ஒற்றை எண்ணில் முடிந்து உடல் 1 என்று தொடங்கினால் நடுவே ரைட்டர் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்க்கும். அது கோளாறு இல்லை, ஒற்றை எண் வலப்பக்கத்தில்தான் வர வேண்டும் என்ற விதி. பிடிஎஃப் எடுக்கும்போது தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்கள் வேண்டாம் என்று அணைத்துவிடலாம்.

பிரேக்கை அழித்தால் என்ன ஆகும் என்பதில் இரண்டும் நேர் எதிர். வேர்டில் செக்ஷனின் அமைப்பு அதன் முடிவில் உள்ள பிரேக்கில் இருக்கிறது, அதனால் அழித்தால் முன்னால் உள்ள பகுதி பின்னால் உள்ளதன் ஹெடரை எடுத்துக்கொள்ளும். ரைட்டரில் பின்னால் உள்ளது முன்னதின் ஸ்டைலுக்குப் போகும். வேர்டில் பழகியவர் ரைட்டரில் தடுமாறுவதும், ரைட்டர்காரர் வேர்டில் தடுமாறுவதும் இங்கேதான்.

கூகுள் டாக்ஸில் சொல்ல அதிகமில்லை. செக்ஷன் பிரேக், இணைப்பைத் துண்டிப்பது, முதல் பக்கத்தை வேறாக்குவது, எண்ணை மறுபடி தொடங்குவது எல்லாம் உண்டு. ஆனால் பக்க எண்ணை ரோமன் எண்ணாக மாற்றும் அமைப்பு இல்லை, இயல் பெயர் தானாக வரும் ஃபீல்டும் இல்லை. ஹெடரே தெரியவில்லை என்றால் பக்கப் பிரிவே இல்லாத பேஜ்லெஸ் முறையில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து எழுத இதை விட வசதி கிடையாது, அதனால் எழுதுவதை இங்கே வைத்துக்கொண்டு ஹெடர் வேலையைப் பதிவிறக்கிய பிறகு செய்யலாம்.

தேர்வு எதில் என்றால், கைடு டாக்எக்ஸ் (வேர்டு) ஃபைலைத் திருத்தித் தருபவராக இருந்தால் வேறு யோசனை வேண்டாம், வேர்டுதான். பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் போதும் என்றால் ரைட்டர். இரண்டுக்கும் இடையே ஃபைலை மாற்றி மாற்றித் திறப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வேர்டு ஃபைலை ரைட்டரில் திறந்தால் செக்ஷன்கள் 'கன்வர்டட்1', 'கன்வர்டட்2' என்ற பேஜ் ஸ்டைல்களாக வந்து நிற்கும், திரும்ப டாக்எக்ஸாகச் சேமித்தால் அவை மறுபடி செக்ஷன்களாகும், அந்தப் போக்குவரத்தில் ஹெடர்கள் இடம் மாறிப்போக வாய்ப்பு அதிகம். வேறு வழியில்லாமல் மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹெடர், ஃபூட்டர் வேலையை மட்டும் கடைசியாக, ஃபைல் போய்ச் சேரும் மென்பொருளிலேயே செய்யுங்கள்.