ஹார்லெம் நூலகத்தில் நான்கு வருடம்

அடுத்த மாதம் குடும்பத்தோடு நியூயார்க் வரும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "ஷோம்பர்க் நூலகம் பார்க்கப் போகலாமா? கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒன்று வைத்தால் அதுவும் பிரிவினைதானே?" எனக்குக் கோபம் வந்துவிட்டது, சரியாகப் பேச வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஷோம்பர்க் என்பது, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைய வாழும் ஹார்லெம் பகுதியில், அவர்களுடைய வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான ஆராய்ச்சி நூலகம். நான்கு வருடமாக மாதம் ஒருமுறையாவது அங்கே போகிறேன். நியூஜெர்சியில் என் வீட்டிலிருந்து ரயில் மாறிப் போக ஒன்றரை மணி நேரம். 135ஆம் தெரு நிலையத்தில் படியேறினால் கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆராய்ச்சி நூலகம் என்பதால் புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

முதலில் போனது மகளின் பள்ளிக் கட்டுரைக்காக. நாங்கள் அப்போது இருந்த ஊரின் நூலகத்தில் பிப்ரவரி வந்தால், கறுப்பின வரலாற்று மாதம் என்று வாசலருகே ஒரு மேசை போடுவார்கள். அழகாக அடுக்கியிருப்பார்கள், குறை சொல்ல முடியாது. மார்ச் பிறந்ததும் மேசை காலியாகிவிடும். அவளுக்குக் கட்டுரை ஏப்ரலில். அதே புத்தகங்கள் உள்ளே பத்துப் பன்னிரண்டு அலமாரிகளில் சிதறிக் கிடந்தன, எங்களால் பாதியைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அடுக்குவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1930இல், கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பொறுப்பேற்ற நூலகர் டாரதி போர்ட்டர், மற்ற நூலகங்களில் கண்டதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நூலகங்கள் பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டூயி வகைப்பாட்டில், கறுப்பினத்தவர் எழுதியது என்றால் 325 அல்லது 326. முதலாவது குடியேற்றம், இரண்டாவது அடிமைமுறை. கவிதைத் தொகுப்பாக இருந்தாலும் அங்கேதான். அவர் அதை ஏற்காமல் கவிதையைக் கவிதையாக, நாவலை நாவலாக வைத்தார். தனி இடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கே ஒரு கவிஞர் முதலில் கவிஞர்.

ஹார்லெம் நூலகத்தின் கதையும் அப்படித்தான். பியூர்டோ ரிக்கோவில் 1874இல் பிறந்த ஆர்டுரோ ஷோம்பர்க், நியூயார்க்கில் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். கறுப்பினத்தவருக்கு வரலாறே இல்லை என்று சின்ன வயதில் ஓர் ஆசிரியர் சொன்னாராம். அந்த வரலாற்றைச் சொல்லும் புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் சம்பளத்திலிருந்து செலவழித்துத் தேடித் தேடிச் சேர்த்தார். 1926இல் கார்னெகி அறக்கட்டளை கொடுத்த 10,000 டாலரில் நியூயார்க் பொது நூலகம் அந்தச் சேகரிப்பை வாங்கியபோது 5,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள், 3,000 கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. இன்று அங்கே இருப்பவை ஒரு கோடிக்கும் மேல்.

ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது புத்தகம் இல்லை, ஒரு தரை. அரங்குக்கு முன்னால் இருக்கும் கூடத்தின் தரையில் வட்டமாக ஒரு கோலம்போல ஆறுகள் ஓடுகின்றன. நடுவே, ஆறுகளைப் பற்றிக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய கவிதையின் வரி. முதல் நாள் அதன் மேலேயே நடந்துபோனேன். ஹியூஸின் அஸ்தி அதன் அடியில்தான் இருக்கிறது என்று பிறகு படித்தபோது உடம்பு கூசியது. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான். அடுத்த முறை ஓரமாகவே சுற்றிப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த வயதான ஒரு அம்மா கவனித்துவிட்டு, "நடங்கள், அவர் ஒன்றும் நினைக்கமாட்டார்" என்றார். 1991இல் இந்தத் தரையைத் திறந்துவைத்த நாளில் எழுத்தாளர்கள் மாயா ஏஞ்சலோவும் அமிரி பராக்காவும் இதன் மேலேயே நடனமாடினார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். துக்கத்தையும் கொண்டாட்டத்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்று யாருக்கும் விளக்காமல், தங்கள் வழக்கப்படி வைத்துக்கொள்ள ஓர் இடம். அந்த இடத்தில் என்னையும் நடக்கச் சொன்னார்கள். நான்கு வருடத்தில் ஒருவர்கூட "உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டதில்லை. இதைப் போய்ப் பிரிவினை என்றால் எப்படி? வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை மாட்டி அடுத்தவரை வெளியே நிறுத்தியதுதான் பிரிவினை.

சரி, போகலாமா? இந்தப் பயணத்தில் வேண்டாம். அவர் அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். காலையில் சுதந்திரதேவி சிலை, மாலையில் டைம்ஸ் ஸ்கொயர், நடுவில் ஒரு மணி நேரம் ஷோம்பர்க். அந்த ஒரு மணி நேரத்தில் படம்தான் எடுக்க முடியும். முழு நாள் ஒன்று ஒதுக்கிக்கொண்டு வாருங்கள், ரயில் மாறும் இடத்திலிருந்து நானும் கூட வருகிறேன்.