16 மில்லி சந்துக்குள் உட்கார்ந்த 8 மில்லி பிராக்ஸி: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

பாவூர்சத்திரம் பக்கம் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் மிளகாய்த்தூள் பவுச் போடுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் சர்வீஸ் என் பொறுப்பு. சீலிங் ஜா (பவுச்சைச் சூட்டில் ஒட்டுகிற தாடை) மூடிவிட்டதா, திறந்துவிட்டதா என்று மெஷினை ஓட்டுகிற பிஎல்சி கன்ட்ரோலருக்குச் சொல்ல இரண்டு பிராக்ஸி (உலோகம் கிட்டே வந்தால் தொடாமலே சிக்னல் தருகிற சென்சார்) வேண்டும். ஜா போய்வருகிற கைக்கும் மெஷின் பிரேமுக்கும் நடுவில் இருக்கிற இடமோ அஞ்சு நூல், அதாவது 16 மில்லி. சாதாரண எம்12 பிராக்ஸியின் (12 மில்லி தடிமனில் திருகு மாதிரி இருப்பது) உடம்பு மட்டுமே 50 மில்லி நீளம், கேபிள் வளைய அதற்குப் பின்னால் இன்னும் இடம் வேண்டும், அது நேராக உள்ளே போக வழியே இல்லை. அதனால் முன்னால் யாரோ வெளியே இருந்து ஒரு நீள பிராக்கெட் அடித்து, வளைத்து, அதன் நுனியில் எம்12 மாட்டி வைத்திருந்தார்கள்.

நிமிஷத்துக்கு 40 பாக்கெட் என்றால் எட்டு மணி நேர ஷிஃப்டில் 19,200 தடவை ஜா அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அந்த பிராக்கெட் ஆடும். லாக் நட் தளரும், இடைவெளி மாறும், இல்லையென்றால் கேபிள் வளைகிற இடத்தில் உள்ளே கம்பி அறுந்துவிடும். "தம்பி, திரும்ப நின்னு போச்சு, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று அண்ணாச்சி போன் பண்ணாத மாதம் கிடையாது. பேட்டையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு நட்டை முறுக்கிவிட்டு வருவதற்கு அரை நாள் போய்விடும்.

போன ஜூனில், குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்த வாரம், இதை ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று 8 மில்லி சதுரத்தில் 40 மில்லி நீளமுள்ள கட்டை மாதிரி பிராக்ஸி இரண்டு வாங்கிப் போட்டேன். திருகு மாதிரி நுனியில் பார்க்காமல், பக்கவாட்டு முகத்தில் இரும்பைப் பார்க்கிற வகை. இரண்டு எம்3 ஸ்க்ரூ போட்டு பிரேமிலேயே படுக்க வைத்துவிடலாம். 8 மில்லி உடம்பு, 1 மில்லி இடைவெளி, எதிரே 3 மில்லி இரும்புத் துண்டு, ஆக 12 மில்லி. 16க்குள் தாராளமாக உட்கார்ந்துவிட்டது. இன்று பிப்ரவரி. இந்த எட்டு மாதத்தில் சென்சாருக்காக மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பிராக்கெட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டாயிற்று.

ஆனால் வாங்கியதும் மாட்டிவிட்டுப் போகிற சாமான் இல்லை இது, முதல் நாள் நானே திணறினேன். பெட்டியில் சென்சார் பார்க்கிற தூரம் 2 மில்லி என்று போட்டிருந்தது. ஜாவின் கை அலுமினியம். 1 மில்லியில் வைத்தேன், சென்சாரின் லைட் எரியவே இல்லை. அந்த 2 மில்லி, எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்புக்குச் சொன்ன கணக்கு. உள்ளே பெரைட்டில் சுற்றிய ஒரு சின்ன காயில் இருக்கிறது, அதன் காந்தப் புலம் எதிரே உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அதில் போகிற சக்தி இழப்பால் ஆசிலேட்டர் (காயிலை ஓட்டுகிற அலைவுச் சுற்று) தளர்வதைப் பார்த்துத்தான் சென்சார் சிக்னல் கொடுக்கிறது. அலுமினியத்தில் மின்சாரம் சுலபமாக ஓடிவிடுவதால் இழப்பு குறைவு, அதனால் தூரம் சுமார் 0.4 மடங்காகச் சுருங்கிவிடும். 2 மில்லி 0.8 ஆகிவிட்டது, 1 மில்லியில் எப்படி எரியும்? செம்பு இன்னும் மோசம், 0.3 மடங்குதான். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) என்றால் 0.7 வரை கிடைக்கும். நான் 3 மில்லி எம்.எஸ். பட்டையில் 10க்கு 10 வெட்டி, ஜாவின் கையில் துளை போட்டு கவுண்டர்சங்க் (தலை உள்ளே அமுங்குகிற) ஸ்க்ரூவில் பதித்தேன். ஸ்க்ரூவின் தலையையே காட்டினால் போதும் என்று சிலர் செய்வார்கள், சின்னத் தலை என்றால் தூரம் மறுபடியும் குறையும், வேண்டாம்.

அப்புறம் ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். கிட்டே கொண்டுபோகும்போது 1.9இல் லைட் எரிந்தது, திரும்ப எடுக்கும்போது 2.1 தாண்டித்தான் அணைந்தது. இந்த இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் அதிர்வுக்கு லைட் துடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் 1.9 வரைக்கும் நம்பி செட் பண்ணக் கூடாது. வெயில், வோல்டேஜ் எல்லாம் மாறினாலும் உறுதியாக வேலை செய்கிற தூரம் பெட்டியில் போட்டிருப்பதில் 81 சதவீதம்தான், இங்கே 1.62. நான் 1 மில்லியில் வைத்தேன்.

இன்னொன்று, ஃப்ளஷ் வகைதானா (சுற்றிலும் உலோகம் இருந்தாலும் வேலை செய்வது) என்று கேட்டு வாங்குங்கள். சந்துக்குள் சுற்றிலும் இரும்புதான் இருக்கும், நான்-ஃப்ளஷ் வாங்கினால் பக்கத்தில் உள்ள பிரேமையே பார்த்துக்கொண்டு எப்போதும் ஆனிலேயே இருக்கும். ஃப்ளஷ் ஆனாலும் இரண்டை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒன்றின் புலம் மற்றதைக் குழப்புகிறது. எனக்கு முதலில் தப்பு சிக்னல் வந்தது, 20 மில்லி தள்ளி வைத்தவுடன் நின்றது.

தூளைப் பற்றிக் கவலையே வேண்டாம். முன்னால் இதே மெஷினில் போட்டோ சென்சார் ஒன்று வைத்துப் பார்த்தோம், சாரல் ஈரத்தில் மிளகாய்த்தூள் லென்ஸில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், தினமும் துடைக்க வேண்டும். பிராக்ஸி மேல் தூள் அப்பிக் கிடந்தாலும் அதற்கு உலோகம் மட்டும்தான் தெரியும். சூடுதான் பார்க்க வேண்டியது. பெரும்பாலான பிராக்ஸிக்கு 70 டிகிரிதான் எல்லை, ஹீட்டர் ஜாவுக்கு நேராக வைக்காமல் கையின் பின்பக்கம் வைத்ததற்கு அதுதான் காரணம்.

குறைகளும் உண்டு. விலை, எம்12 மாதிரி மூன்று மடங்கு கொடுத்தேன். லைட் ஒரே பக்கத்தில் இருக்கிறது, சந்துக்குள் மாட்டியதும் அது பிரேம் பக்கம் போய்விட்டது, எரிகிறதா என்று பார்க்க பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒன்றை நீட்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவு சின்ன சந்துக்காகவே செய்கிற சாமானில் லைட்டை இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி மூலையில் வைத்திருக்க வேண்டாமா? எம்3 ஸ்க்ரூவைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் பிளாஸ்டிக் காது விரிசல் விடுகிறது, ஒன்றில் லேசாக விட்டுவிட்டது, இன்னும் ஓடுகிறது. நான் வாங்கியது இரண்டு மீட்டர் கேபிள் உள்ளேயே பதித்து வந்த வகை, கேபிள் போனால் சென்சாரையே மாற்ற வேண்டும். அதே கட்டையில் குட்டையான கேபிளும் நுனியில் எம்8 மூன்று பின் கனெக்டரும் வைத்து வருகிறது, அதை வாங்குவது நல்லது. ஒயர் கலர் பெரும்பாலும் ஒன்றுதான், பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். பிஎன்பியா (சிக்னல் பிளஸ்ஸாக வரும்) என்பிஎன்னா (மைனஸாக வரும்) என்பதை மட்டும் பழைய சென்சாரின் லேபிளைப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஆலங்குளத்தில் இன்னொரு மெஷினில் இடம் இதைவிடக் குறைவு, 11 மில்லிதான். அதற்கு 5 மில்லி கட்டை சொல்லியிருக்கிறேன், தூரம் 0.8தான் கிடைக்கும், இரும்புத் துண்டை நேற்றே அராவி வைத்துவிட்டேன்.