மேசி 1035 ரேடியேட்டர் வேலை: கீழவாசல் பட்டறையில் நான்கு நாள்

எங்கள் வீட்டு மேசி ஃபெர்குசன் 1035 டிராக்டர் அப்பா 1982-இல் வாங்கியது. சென்னை செம்பியத்தில் டாஃபே கம்பெனி செய்த வண்டி. பெர்கின்ஸ் வழி வந்த மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். அப்பா போன பிறகு நிலத்தையும் வண்டியையும் நான்தான் பார்க்கிறேன். ஒரத்தநாடு பக்கம், புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனம். சம்பாவுக்கு எங்கள் சேறு முழுக்க இந்த வண்டிதான் அடிக்கும். அக்கம்பக்கத்து வயல் நான்கைந்துக்கும் போகும்.

போன புரட்டாசியில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. இன்ஜின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மூடி ஓரமாக ஆவி சீறியது. நிறுத்தி ஆறவைத்து மறுபடி ஓட்டினால் அரைமணியில் அதே கதை. ரோட்டில் டிப்பர் இழுக்கும்போது ஒன்றும் இல்லை. சேற்றில் பாரம் ஏறினால்தான் கொதிக்கிறது.

முதலில் காட்டிய இடத்தின் பெயர் வேண்டாம். வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். "ஹெட் கேஸ்கட் போயிருக்கு, ஹெட்டை இறக்கணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். இன்ஜினின் மேல்மூடிதான் ஹெட், அதன் அடியில் கசியாமல் இருக்க வைக்கும் தகடு கேஸ்கட். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பதிலை என்னிடம் சொல்லாமல் எங்கள் டிரைவர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்கள். நடவுக்கு நாற்று தயாராக நிற்கும்போது பதினெட்டாயிரம் கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். அப்போதுதான் உரக்கடையில் ஒருவர், "தஞ்சாவூர் கீழவாசல்ல ரேடியேட்டர் பாய்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார்.

போனேன். சின்னப் பட்டறை. பெயர்ப்பலகை மழையில் வெளுத்துப் படிக்க முடியாமல் இருக்கிறது. வாசலில் லாரி ரேடியேட்டர்கள் சாய்த்து வைத்திருக்கும், உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி, கேஸ் அடுப்பு, தரையெல்லாம் ஈயத்துளி. பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியே இல்லாமல் போயிருந்தேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். "ஆயில் குச்சியை எடுத்தா ஆயில் பாலாட்டம் வெளுத்திருக்காம்மா? வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினா உள்ள குமிழி விடாம வருதா?"

அங்கிருந்தே டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது, வெளுப்பு இல்லை. குமிழியும் இல்லை. கேஸ்கட் போனதற்கு முக்கிய அடையாளம் அவைதான். "அப்ப ஹெட்டைத் தொடாதீங்க. ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டாங்க. மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து" என்றார். அந்த இரண்டு கேள்விக்கு அவர் காசு எதுவும் வாங்கவில்லை. எனக்குப் பதினெட்டாயிரம் அங்கேயே மிச்சமாகிவிட்டது.

மறுநாள் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனோம். தெர்மோஸ்டாட் மட்டும் இல்லை. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் வால்வு அது. கூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே வெறுமையாக இருந்தது. யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் இது வழக்கம்தான், கொதித்தால் முதலில் அதைப் பிடுங்கிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பாய்க்கு இதில் உண்மையான கோபம் வருகிறது.

இனி வேலையைச் சொல்கிறேன். பழைய ரேடியேட்டர் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அந்தக் காலத்து வண்டிகளின் ரேடியேட்டர் பித்தளைக் குழாய், செம்புத் தகடு. மேல் டேங்கும் கீழ் டேங்கும் ஈயத்தால் பற்றவைத்தவை. அதனால் திறக்கலாம், சுத்தம் செய்யலாம், மூடலாம். பாய் ஓரம் முழுக்கத் தீயைக் காட்டி, ஈயம் இளகியதும் மேல் டேங்கைக் கிடுக்கியால் பிடித்துத் தூக்கினார். "இங்க வாங்கம்மா, குனிஞ்சு பாருங்க" என்று கூப்பிட்டார்.

குழாய் வாய்கள் வரிசையாகத் தெரிந்தன. தட்டையான சின்னச் சின்ன வாய்கள், பல்வரிசை மாதிரி. பாதிக்கு மேல் வெளிர் பழுப்பாக அடைத்திருந்தது. வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் பிடிக்குமே, அதே உப்புப் பொருக்கு. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினார். நல்ல குழாய்களில் சட்டென்று இறங்கியது. அடைத்த குழாய்களின் மேல் தண்ணீர் அப்படியே நின்றது. "உங்க போர் தண்ணிதான் இது. ரோட்டுல பாரம் கம்மி, மிச்சக் குழாயே போதும். சேத்துல பத்தாது." ஒரு மாதமாக எனக்குப் புரியாமல் இருந்தது அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் புரிந்துவிட்டது.

அப்புறம் மெல்லிய பட்டைக் கம்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு குழாயாக விட்டார். அவசரமே இல்லை. கம்பி இரண்டு விரலுக்கு நடுவில் நழுவி இறங்கும், ஓர் இடத்தில் நிற்கும், இழுத்து மறுபடி விடுவார், கரகரவென்று சத்தம் கேட்கும், கீழே பொருக்கு கொட்டும். பலமாகக் குத்தினால் பித்தளை கிழிந்துவிடும் என்றார். அந்தக் குழாயின் சுவர் அவ்வளவு மெல்லிசு. எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆனது. கொட்டிய பொருக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய இருந்தது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரைமணியில் முடிந்துவிடுமே என்று கேட்டேன். பழைய ஈய ஒட்டுகளை ஆசிட் தின்றுவிடும், இரண்டு மாதத்தில் ஒழுகும் என்றார்.

இரண்டு குழாய் ஏற்கெனவே அரித்துப் பொத்தலாகி இருந்தன. அவற்றின் வாயை ஈயம் வைத்து அடைத்துவிட்டார். குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியை (core) மொத்தமாக மாற்றினால் ஒன்பதாயிரம் ஆகும், "இப்ப தேவையில்லம்மா, இது இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். விற்க வாய்ப்பு இருந்தும் விற்காத மனிதரை நான் நம்புகிறேன். மேல் டேங்கைப் பற்றவைத்து, ஹோஸ் மாட்டும் வாய்களை அடைத்து, கைப் பம்பால் காற்று ஏற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கினார். ஒரு மூலையில் குண்டூசித் தலை அளவு குமிழி வந்தது. எடுத்துத் துடைத்து, மறுபடி ஈயம் வைத்து, மறுபடி முக்கினார். தண்ணீர் அசையாமல் இருக்கும்வரை விடவில்லை.

மூடியையும் பார்த்தார். எங்கள் வண்டியின் பழைய மூடியில் 7 என்று அடித்திருக்கும், ஏழு பவுண்டு அழுத்தம். எப்போதோ அது தொலைந்து, கார் மூடி போட்டிருக்கிறார்கள். அது பதின்மூன்று. பழைய ஈய ஒட்டு அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதே நேரம் மூடி இல்லாமலோ ரப்பர் போன மூடியோடோ ஓட்டினாலும் தப்பு. அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். கடையில் சரியான மூடி வாங்கி வரச் சொன்னார். தெர்மோஸ்டாட்டும் புதிது வாங்கிக் கொடுத்தேன். அதை அப்படியே மாட்டவில்லை. ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே, ஓரத்தில் பொடிக் குமிழ் கட்டும்போது, அதன் வாய் மெதுவாகத் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. பெட்டி பிரிக்காத புதுசிலும் திறக்காதது வரும், அதனால் பார்த்துத்தான் போட வேண்டுமாம்.

கீழ் ஹோஸ் வெளியே நன்றாகத்தான் இருந்தது. அமுக்கினால் உள்ளே சவசவ என்று இருந்தது. இன்ஜின் வேகத்தில் பம்ப் இழுக்கும்போது அது சப்பிக்கொண்டு தண்ணீர் வழியை அடைக்கும். இரண்டு ஹோஸையும் மாற்றினோம். வாட்டர் பம்ப் வேலை இவர் செய்வதில்லை. எங்கள் பம்பின் அடித்துளையில் சொட்டு இருந்தது, சீல் போன அடையாளம் அது. அதை நம்பகமான லேத் பட்டறைக்கு அனுப்பிவிட்டார், தனியாகச் செலவானது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் என்றார், நான்கு நாள் ஆனது. நடவு நேரத்தில் அந்த இரண்டு நாள் பெரிய நஷ்டம், எங்கள் மேட்டு வயலுக்கு வாடகை வண்டி வைக்க வேண்டி வந்தது. அவரும் ஒரு பையனும் மட்டும்தான், லாரிக்காரர்கள் வந்தால் அவர்கள் வேலை முந்திவிடுகிறது. ரசீது கிடையாது, துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பையன் கறுப்புப் பெயிண்டைத் தகட்டு இடுக்கெல்லாம் தடிமனாக அப்ப ஆரம்பித்தான். நான் நிறுத்தச் சொன்னேன். இடுக்கு அடைத்தால் காற்று எப்படிப் போகும்? பாய் உள்ளே இருந்ததால் கவனிக்கவில்லை. நீங்கள் போனால் அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள்.

ரேடியேட்டர் வேலைக்கு மட்டும் 2,800 ரூபாய். மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், பம்ப் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். கிளம்பும்போது அவர் சொன்னதை அப்படியே செய்கிறேன். போர் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி, எங்கள் வண்டிக்குச் சுமார் பத்து லிட்டர் பிடித்தது. நம் ஊரில் தண்ணீர் உறைந்துவிடப் போவதில்லை, ஆனால் துருவும் உப்பும் பிடிக்காமல் இருக்க அது வேண்டும். கதிரடிப்பு முடிந்ததும் தகட்டில் ஒட்டிய வைக்கோல் தூசியை ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாக ஊதி எடுக்க வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். கொதித்த இன்ஜினில் வாய்க்கால் தண்ணீரைப் பச்சையாக ஊற்றவே கூடாது. எங்கள் டிரைவர் அண்ணன் அன்றைக்கு அதைத்தான் செய்தார், ஹெட் வெடிக்காமல் போனது எங்கள் நல்ல நேரம்.

வேலை முடிந்து வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியைச் சேற்றில் இறக்கினோம். வரப்பில் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கும் முள் நடுவில்தான் நின்றது. பதினொன்றுக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்வரை அசையவில்லை. இந்த வருடம் குறுவை உழவும் முடிந்துவிட்டது, ஒரு தடவைகூடத் தண்ணீர் குறையவில்லை.

கீழவாசல் போய் ரேடியேட்டர் பாய் என்று கேட்டால் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், பட்டறை மூன்று மணிக்குத்தான் திறக்கும். உழவு ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.