சுபாங்ல ஸ்பாட்டர் வகுப்பு, 480 வெள்ளி கொடுக்கலாமா?

காணாமப் போன பிளேனை வானத்துலருந்து தேடுற தொண்டூழியருங்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு, சுபாங்ல ஒரு சின்ன கிளப்பு நடத்துது, பேரு வேணாம், ஏன்னா கொஞ்சம் திட்டப் போறேன். மச்சான்தான் இழுத்துட்டுப் போனான். 2014 மார்ச் 8ல எம்எச்370 போனதுலருந்து நம்ம ஊர்ல பிளேன் காணோம்னு யாராச்சும் சொன்னாலே வயித்தக் கலக்கும்ல, அதான் நானும் சரின்னுட்டேன்.

காலையில ஏழரைக்கு வரச் சொன்னாங்க, பசியாறாம ஓடினேன், மேல ஏத்துனது பத்தே காலுக்கு. மழை மேகத்துக்கு அவங்க என்ன பண்ணுவாங்க, ஆனா ஒரு வாட்சப் தட்டியிருக்கலாம்ல?

வகுப்பு எடுத்த அண்ணன் மட்டும் சூப்பர் லா. பத்து மடங்கு பெரிசாக்குற பைனாகுலர் ஒண்ணு ஆசையா வாங்கிட்டுப் போயிருந்தேன், முதல் வேலையா அதைப் பைக்குள்ள வைக்கச் சொல்லிட்டாரு. இஞ்சின் அதிர்வும் பத்து மடங்கு ஆகுமாம், "எதையாச்சும் பாத்துட்டு சந்தேகம் வந்தா எடு தம்பி, தேடுறதுக்கு வெறுங்கண்ணுதான்". கண்ணை விளக்குமாறு மாதிரி இழுத்துட்டே போனா ஒண்ணும் பதியாதாம், ஒரு இடத்துல நிறுத்தி, தாவி, மறுபடி நிறுத்தணும். முழு பிளேனைத் தேடாத, ஒடிஞ்ச மரம், பழுப்பாப் போன இலை, திடீர்னு ஒரு மினுக்கல், அதைப் பாருன்னாரு. பீக்கன், அதான் விழுந்த பிளேன்லருந்து அவசர சிக்னல் அனுப்புற கருவி, அதைப் பத்தியும் சொன்னாரு, பழைய 121.5 மெகாஹெர்ட்ஸை 2009லருந்து சாட்டிலைட் கேக்குறதே இல்ல, இப்ப 406தான்.

அப்புறம் செஸ்னா 172ங்குற சின்ன பிளேன்ல ஏத்தினாங்க. இறக்கை தலைக்கு மேல இருக்கிறதால கீழ நல்லாத் தெரியும். கோலா சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்துல ஒரு ஆரஞ்சு கான்வாஸ் விரிச்சு வெச்சிருக்காங்க, கண்டுபிடிக்கணும். 1000 அடியில எல்லா மரமும் ஒண்ணு போல, இருபது நிமிசத்துல கண்ணு செத்துப் போச்சு. "மூணு மணி பக்கம்!"னு, அதாவது நேரா வலது பக்கம்னு, கத்தினேன், சுத்தி வந்து பாத்தா லாரி மேல போத்தின தார்ப்பாய். நிஜமான கான்வாஸ் என் ஜன்னல் பக்கமேதான் இருந்துச்சாம், ரெண்டு தடவ தாண்டிப் போயிருக்கோம், அட போங்கப்பா.

வாந்தி வர்றவங்க பின் சீட்டு கேக்காதீங்க. காசு வொர்த்துதான். அடுத்த லெவல்ல ஆரஞ்சு கிடையாதாம், காட்டுக்குள்ள நாலு துண்டு தகரம்தான். பேரு கொடுத்துட்டேன்.